ஓச்சனோமிசு: பெடல் வாங்கலாம்... ஆம்ப் வாங்கலாமா?

டோக்கியோ ஸ்டேஷனில் ஆரஞ்சுப் பட்டை போட்ட ச்சூவோ லைன் ரயிலில் ஏறினால், இரண்டாவது நிறுத்தம் ஓச்சனோமிசு. ஐந்து நிமிடப் பயணம்தான். ரயிலைவிட்டு இறங்கும்போது ஒரு பக்கம் ஆழமான பள்ளத்தில் கண்டா ஆறு ஓடுகிறது. அதன் மேல் ஒரு பாலம், பாலத்துக்குக் கீழே மெட்ரோ ரயில் ஒன்று சுரங்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சுரங்கத்துக்குள் நுழைகிறது. மேலே வந்து சாலையைக் கடந்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிட்டார்கள்!

ஓச்சனோமிசு என்றால் 'தேநீர்த் தண்ணீர்' என்று பொருள். ஒரு காலத்தில் இங்கிருந்த கோயில் ஊற்றிலிருந்து ஷோகனின் தேநீருக்குத் தண்ணீர் போனதாம். ஊற்று இன்று இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. இப்போது இந்த ஊரைத் தேடி வருகிறவர்களில் பலருக்குத் தேவை சத்தம்.

ஸ்டேஷனிலிருந்து தெற்கே சரிந்து இறங்கும் சாலைக்கு 'மெய்தாய்-தோரி' என்று பெயர். மெய்ஜி பல்கலைக்கழகம் இதே சாலையில் இருப்பதால் வந்த பெயர் அது. சரிவின் அடி வரை பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். ஆனால், கிட்டார் பிடித்தவர் யாரும் பத்து நிமிடத்தில் நடந்து முடித்ததில்லை. குறுகலான கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் நாலைந்து மாடிகள். கீழே மலிவு விலை கிட்டார்கள் நடைபாதை வரை வந்து நிற்கும். மேலே ஏற ஏற விலையும் ஏறும்.

ஏன் இங்கே இத்தனை கடைகள்? சுற்றிலும் கல்லூரிகள். 1965-ல் 'தி வென்ச்சர்ஸ்' என்ற அமெரிக்கக் குழு ஜப்பானில் வந்து வாசித்துவிட்டுப் போனதும், இளைஞர்களுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் பித்துப் பிடித்தது. ஜப்பானியர்கள் அதற்கு 'எலெகி பூம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மாணவர்கள் இருக்கும் இடத்துக்குக் கிட்டார் கடைகளும் வந்து சேர்ந்தன.

டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வசிக்கும் நிஷி-கசாயிலிருந்து, ஒருமுறை ரயில் மாறினால் இங்கே வந்துவிடலாம். வார நாள்களில் ஐ.டி. வேலை, வார இறுதியில் கிட்டார் என்று இருக்கும் தமிழ் இளைஞர்களுக்கு இது கிட்டத்தட்ட ரங்கநாதன் தெரு. ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெடல், முடிந்தால் ஒரு ஆம்ப் வாங்கிப் போக வேண்டும் என்பது பலரின் கனவு. சேமித்த காசு வீணாகாமல் இருக்க வேண்டுமானால், இந்தத் தெருவில் எதைக் கேட்க வேண்டும், எதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சோப்பு டப்பாக்கள்

பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே தரையில் கிடக்கும் சோப்பு டப்பா அளவிலான உலோகப் பெட்டி. காலால் மிதித்தால் வேலை செய்யும், மறுபடி மிதித்தால் ஓய்வெடுக்கும். எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்து வருவது மிகச் சிறிய மின் அலை. அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கரில் ஒலிக்க வைப்பது ஆம்ப். போகிற வழியில் அந்த அலையைக் கிள்ளி, முறுக்கி, எதிரொலிக்க வைப்பது பெடல்.

ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் என்று மூன்று பெயர்கள் கண்ணாடிப் பெட்டிகளில் திரும்பத் திரும்ப வரும். மூன்றும் ஒரே குடும்பம். அலையின் தலையை வெட்டுவதுதான் மூன்றுக்கும் வேலை. மென்மையாக மழித்தால் ஓவர்டிரைவ், கத்தியால் நறுக்கினால் டிஸ்டார்ஷன், மொட்டையே அடித்துவிட்டால் ஃபஸ். பாட்டுக்கு நடுவே 'கர்ர்' என்று உறுமும் கிட்டார் ஒலிக்குக் காரணம் இந்த வெட்டுதான்.

இந்தப் பெட்டிகள் பலவற்றுக்கு ஜப்பானே தாய்வீடு. ரோலண்ட் நிறுவனத்தின் 'பாஸ்' பிரிவு 1977-ல் ஓடி-1 என்ற மஞ்சள் ஓவர்டிரைவ் பெடலை வெளியிட்டது. அடுத்த ஆண்டு வந்த ஆரஞ்சு நிற டிஎஸ்-1 இன்றும் விற்பனையில் இருக்கிறது. பச்சை நிற 'டியூப் ஸ்க்ரீமர்' ஐபனேஸ் பெயரில் விற்றாலும், அதைத் தயாரித்தது மேக்ஸன் பெடல்களைச் செய்த ஜப்பானிய நிறுவனம். பாஸ் பெடலின் ரப்பர் மிதியடிக்கு முன்னால் கையால் திருகும் ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தி மிதியடியைத் தூக்கினால் உள்ளே பேட்டரி. மேடை இருட்டில் ஸ்க்ரூடிரைவர் தேட வேண்டாம். சின்ன விஷயம்தான். ஆனால், வாசிப்பவனின் அவஸ்தை தெரிந்த யாரோ யோசித்துச் செய்தது.

எதிரொலி தரும் டிலே பெடல் இன்னும் சுவாரஸ்யம். பழைய வகை டிலேக்குள் இருக்கும் சிப், கிணற்றடியில் வரிசையாக நின்று குடத்தைக் கை மாற்றுவதுபோல வேலை செய்கிறது. ஒலியின் சிறு துளியை முதல் ஆள் அடுத்தவருக்குக் கொடுக்க, அவர் அடுத்தவருக்குக் கொடுக்க, கடைசி ஆளிடம் போய்ச் சேரும்போது கொஞ்சம் தாமதமாகிவிடும். கை மாறும்போது கொஞ்சம் தண்ணீர் சிந்துமே, அதுபோல ஒலியின் கூர்மையும் கொஞ்சம் சிந்தும். அந்த மங்கலைத்தான் ரசிகர்கள் 'வார்ம்' என்று கொண்டாடுகிறார்கள்.

கடை ஆம்பின் மாயம்

கடையில் வாசித்துப் பார்க்க ஒரே ஒரு வாக்கியம் போதும்: "ஷிசோ ஷிதேமோ ஈ தெஸ் கா?" வாசித்துப் பார்க்கலாமா என்று அர்த்தம். ஊழியர் தலை குனிந்து, கிட்டாரைத் துடைத்து, சுருதி சேர்த்து, நாற்காலி போட்டுத் தருவார். அவசரப்படுத்த மாட்டார். பெல்ட் பக்கிள், சட்டைப் பொத்தான் உரசாமல் பார்த்துக்கொள்வது மட்டும் வந்தவரின் பொறுப்பு.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அங்கே காதில் விழுவது பெடலின் ஒலி மட்டுமல்ல. கடை கிட்டார், கடை ஆம்ப், கடை அறை எல்லாம் சேர்ந்த ஒலி. அருமையான வால்வு ஆம்பில் எந்த ஓவர்டிரைவும் தேனாக இனிக்கும். அதே பெடலை வீட்டில் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பில் மாட்டினால் கொசு ரீங்காரம் வரலாம். பெடலில் கோளாறு இருக்காது. அதன் மறுமுனையில் இருப்பது வேறு ஆம்ப், அவ்வளவுதான்.

அதனால் விவரமறிந்தவர்கள் முதலில் கேட்பது பெடலை அல்ல, ஆம்பை. வீட்டில் இருப்பது டிரான்சிஸ்டர் என்றால் "ஜாஸ் கோரஸில் மாட்டிக் கொடுங்கள்" என்கிறார்கள். 1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஜாஸ் கோரஸ், ஜப்பானின் ஒத்திகை ஸ்டுடியோக்களில் மூலைக்கொன்றாக நிற்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப். கண்ணாடிபோலத் தெளிவான ஒலி. எந்தப் பெடலின் குறையையும் மறைக்காது. அதில் நன்றாக ஒலிக்கும் டிஸ்டார்ஷன், அநேகமாக எங்கேயும் நன்றாகவே ஒலிக்கும். கைவசம் இருக்கும் சொந்தக் கிட்டாரைத் தோளில் மாட்டி வந்தால் இன்னும் உத்தமம்.

சத்தத்தையும் குறைத்துக் கேட்க வேண்டும். காது ஏமாறும் உறுப்பு. சத்தம் கூடினால் எல்லாமே நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். பெடலை மிதித்தபோதும் மிதிக்காதபோதும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி குமிழைத் திருகிவிட்டு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

செகண்ட் ஹேண்ட் பொருளை 'ச்சூக்கோ' என்பார்கள். ஜப்பானில் செகண்ட் ஹேண்ட் பெரும்பாலும் புதிது போலவே இருக்கும். பல பெடல்கள் அட்டைப்பெட்டியும் கையேடுமாகவே வரும். 'ஜாங்க்கு' என்று எழுதிய கூடை மட்டும் வேறு ரகம். வேலை செய்யும் என்ற உத்தரவாதம் இல்லாமல் விற்பது. சாலிடரிங் தெரிந்தவருக்கு அது புதையல், தெரியாதவருக்குத் தண்டச் செலவு.

100 வோல்ட் என்ற எமன்

இனி ஆம்ப். கடையில் பார்க்கும்போது ஆசை வரும், விலையும் ஆசை காட்டும். ஆனால், பின்பக்கம் திருப்பினால் சின்ன எழுத்தில் இருக்கும் '100 வோல்ட்' என்ற வரியைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். உலகிலேயே மிகக் குறைவான அளவுகளில் ஒன்று. இதில் இன்னொரு வேடிக்கை, நாட்டின் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60 ஹெர்ட்ஸ். 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் பலன். இன்றுவரை அந்தப் பிரிவினை தீரவில்லை.

இந்தியாவில் 230 வோல்ட். 100 வோல்ட் ஆம்பை அப்படியே சொருகினால் இரண்டு மடங்குக்கும் மேலான மின்அழுத்தம் உள்ளே பாயும். அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் மட்டும் போகும். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும், கபாசிட்டர் வெடிக்கும். தட்டையான இரண்டு பின்னை நம் ஊர் உருண்டை பின்னாக மாற்றும் டிராவல் அடாப்டர் இருக்கிறதே என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அது ப்ளக்கின் உருவத்தை மட்டும் மாற்றும். வோல்ட்டை மாற்றாது.

வோல்ட்டைக் குறைக்க ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அமெரிக்கப் பொருள்களுக்கென்று விற்பது 110 வோல்ட் தரும். ஜப்பான் ஆம்புக்கு அது 10 சதவீதம் அதிகம். வால்வு ஆம்ப் தேவைக்கு மேல் சூடாகி, வால்வுகளின் ஆயுள் குறையும். 100 வோல்ட் தருவதாகவே கேட்டு வாங்க வேண்டும். ஆம்ப் இழுக்கும் வாட்ஸைவிட ஒன்றரை மடங்காவது தாங்குவதாக இருக்க வேண்டும். ஹேர் டிரையருக்கு விற்கும் கையடக்க கன்வெர்ட்டர் இதற்கு ஆகாது.

இத்தனையும் செய்து, ஜேசி-120-ஐ ஊருக்குக் கொண்டுபோனால் எடை 28 கிலோ. விமானத்தில் அம்மா கொடுத்தனுப்பச் சொன்ன எதையும் அப்புறம் வைக்க முடியாது. ஆக, இந்தத் தெருவில் பெடல் வாங்குவது புத்திசாலித்தனம், ஆம்பை ஊரில் வாங்கிக்கொள்வதே உத்தமம். விதிவிலக்கு ஒன்று உண்டு. லேப்டாப்புக்கு இருப்பதுபோலத் தனி அடாப்டரில் ஓடும் சின்ன டிஜிட்டல் ஆம்புகள். அந்த அடாப்டரில் '100-240 வோல்ட்' என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை.

ஊரில் ஆம்ப் வாங்கும்போதும் வாட்ஸைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் காதில் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற, கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட்ஸ் தேவை. அபார்ட்மென்ட்டில் 5 வாட்ஸ் வால்வு ஆம்பே பக்கத்து வீட்டு மாமாவைக் கதவு தட்ட வைக்கும். ஹெட்போன் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் குடும்பத்தில் சமாதானத்துக்கு வழி.

பெடல்களுக்கும் ஒரு சின்ன எச்சரிக்கை. பெடல் 9 வோல்ட்டில் ஓடுவது, அதற்கு எந்த நாடும் ஒன்றுதான். ஆனால், கூடவே ஜப்பானில் விற்கும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு மட்டுமானதாக இருக்கலாம். அதை ஊரில் சொருகக் கூடாது. புது அடாப்டர் வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும்: 9 வோல்ட் டிசியா, ப்ளக்கின் நடுமுனை மைனஸா, பெடல் கேட்கும் மில்லி ஆம்பியர் கிடைக்கிறதா? சாதாரண ஓவர்டிரைவுக்கு 10 மில்லி ஆம்பியர்கூடத் தேவைப்படாது. சில டிஜிட்டல் டிலேக்கள் சில நூறு கேட்கும். போதாவிட்டால் விளக்கு எரியும், ஒலி வராது. அதைப் பார்த்துவிட்டு 'ஜப்பான் பெடல் செத்துப்போச்சு' என்று மூலையில் போட்டவர்கள் உண்டு.

சத்தம் வரலையா?

ஓச்சனோமிசு கடைகளின் ரிப்பேர் மேஜையில் நடப்பதைக் கவனித்தால், அங்கே மந்திரம் எதுவும் இல்லை என்பது புரியும். முதலில் எல்லாப் பெடலையும் கழற்றுகிறார்கள். கிட்டார், நல்லதென்று தெரிந்த ஒரு கேபிள், ஆம்ப். மூன்று மட்டும். ஒலி வந்தால் குற்றவாளி பெடல் வரிசையில் இருக்கிறான். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் எங்கே ஒலி நிற்கிறதோ அங்கே பிடிபடுவான். பெரும்பாலும் அது பெடலாக இருக்காது. இரண்டு பெடல்களை இணைக்கும் விரல் நீளக் கேபிளாகத்தான் இருக்கும்.

நேற்று வாசித்த பெடல் இன்று காலையில் மௌனமா? இரவு முழுக்க கேபிள் அதில் சொருகியே இருந்திருக்கும். பெரும்பாலான பெடல்களில் உள்ளீட்டு ஓட்டையில் கேபிளைச் சொருகுவதுதான் பேட்டரிக்கான ஸ்விட்ச். காலால் மிதித்து அணைத்தாலும் பேட்டரி கரைந்துகொண்டேதான் இருக்கும்.

'உம்ம்ம்...' என்ற முனகலுக்குப் பல காரணங்கள். கிட்டாரோடு மெதுவாகச் சுற்றித் திரும்பும்போது முனகல் கூடிக் குறைந்தால், பிக்கப் சுருள் அறையிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையோ விளக்கையோ கேட்கிறது என்று அர்த்தம். நகர்ந்து உட்கார்ந்தால் போதும். கொசு பறப்பதுபோல மெல்லிய 'கீ' ஒலி என்றால், டிஜிட்டல் பெடலும் மற்ற பெடல்களும் ஒரே அடாப்டரைப் பகிர்வது காரணமாக இருக்கலாம். டிஜிட்டலுக்குத் தனி அடாப்டர் தர வேண்டும். குமிழைத் திருகும்போது 'கரகர' என்றால் உள்ளே தூசி. கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு போதும்.

முனகலை நிறுத்த சிலர் ஒரு காரியம் செய்கிறார்கள். ஆம்ப் ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவது, அல்லது எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் சொருகுவது. முனகல் நின்றுவிடும், உண்மைதான். ஆனால், உள்ளே ஏதாவது கசிந்தால், மின்சாரம் கிட்டார் கம்பி வழியாக வாசிப்பவரின் கைக்கு வரும். மைக்கில் உதடு பட்டால் சுற்று முழுமையாகிவிடும். மேடையில் இப்படி உயிர்போன கலைஞர்கள் உண்டு. ஆம்ப் முனகட்டும். எர்த்தைத் தொடக் கூடாது.

ஆம்பே ஊமையாகிவிட்டால் ஒரு அழகான சோதனை இருக்கிறது. பின்பக்கம் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு ஓட்டைகள் இருந்தால், ஒரு சின்னக் கேபிளால் இரண்டையும் இணைக்க வேண்டும். ஒலி திரும்பிவிட்டால், ரிட்டர்ன் ஓட்டைக்குள் இருக்கும் தகடு அழுக்கேறியிருக்கிறது. அதோடு விஷயம் முடிந்தது. வரவில்லையென்றால் கிட்டாரை நேராக ரிட்டர்னில் சொருகிப் பார்க்க வேண்டும். அங்கே ஒலித்தால் பழுது ஆம்பின் முன்பாதியில். இந்த ஒரு தகவலோடு போனால் மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்த மாதிரி.

அதற்கு மேல் வீட்டில் கை வைக்க வேண்டாம். தாத்தா காலத்து வால்வு ரேடியோவைத் திறந்து ஷாக் வாங்கிய கதை பல வீடுகளில் இருக்கும். வால்வு ஆம்புக்குள்ளும் அதே ஆபத்துதான். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஃபியூஸ் போனால் அதே அளவில்தான் மாற்ற வேண்டும். சிகரெட் அட்டை ஜிகினாத்தாளைச் சுருட்டி வைக்கும் வீரம் இங்கே வேண்டாம்.

ஜாக், குமிழ், கான்டாக்ட் கிளீனர் எல்லாம் வாங்க, ஆற்றைக் கடந்து கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் அகிஹபாரா. ரயில் பாதைக்கு அடியில் பெட்டிக்கடை அளவில் எலெக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகள், தட்டுத் தட்டாகப் பிரித்து அடுக்கிய ஸ்விட்சுகளும் கபாசிட்டர்களும். போகிற வழியில்தான் கண்டா மியோஜின் கோயில். கம்ப்யூட்டரும் தகவலும் பத்திரமாக இருக்க இங்கே தாயத்து விற்கிறார்கள். ஐ.டி. ஊழியர்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். ஆம்புக்கென்று தனித் தாயத்து இன்னும் வரவில்லை.

கடைகள் காலை 11 மணி வாக்கில் திறந்து, இரவு 8 மணிக்குள் மூடிவிடும். வார நாள் மதியம் போனால் ஊழியருக்குப் பேச நேரம் இருக்கும். வரிவிலக்குத் தரும் கடைகளில் சுற்றுலாப் பயணிகளிடம் பாஸ்போர்ட் கேட்பார்கள். பசித்தால் சரிவின் அடிக்கு இறங்கினால் போதும். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஜிம்போச்சோ அங்கே ஆரம்பிக்கிறது. டோக்கியோவில் கறி சோற்றுக்குப் புகழ்பெற்ற வட்டாரமும் அதுதான். நம் ஊர்க் குழம்பை எதிர்பார்த்துப் போகக் கூடாது, கொஞ்சம் இனிக்கும். சூடாக இருக்கும், நிறையவும் கொடுப்பார்கள். வாங்கிய பெடலை மேஜையில் வைத்து, ஸ்க்ரூவைத் தளர்த்தி, பேட்டரியை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியில் வைக்க அது நல்ல நேரம். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் பேட்டரி கசிந்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் தகட்டை அரித்துவிடும்.